சண்டை போடாத பிரிவில் இருப்பவருக்கு பாராசூட் பயிற்சி தேவையா?

பல்லடம்_தறி
எல்லாருக்கும் வணக்கங்க. எங்க அக்கா மகன் மிலிட்டரியில் நர்சிங் அசிஸ்டென்ட். லீவில் வந்தவன், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கும் பாரா பிரிவுக்கு வாலண்டியராகப் பேர் கொடுக்கப் போகிறேன் என்கிறான். முதலில் ப்ரொபேஷன், அதாவது ஆளைச் சோதித்துப் பார்க்கும் காலம். அதில் தேறினால் ஆக்ராவில் இருக்கும் விமானப்படைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவார்களாம். அங்கே 5 ஜம்ப், அதில் ஒன்று இராத்திரியில். அப்புறம்தான் விங், அதாவது சட்டையில் குத்தும் பாராசூட் பேட்ஜ்.

நேற்றுக் காலையில் சோளத்தட்டுப் போர் மேல் ஏறி, எப்படி விழவேண்டும் என்று களத்தில் குதித்தே காட்டினான். இரண்டு காலும் ஒட்டியிருக்கணும், முட்டி லேசாக மடங்கணும், தாடை நெஞ்சில் படணும். பாதம் பட்டதும் கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று பக்கவாட்டில் உருண்டு எழுந்தான். அம்மாயி போட்ட சத்தத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஓடி வந்துவிட்டார். "ஊசி போடறவனுக்கு ஏரோப்ளேன்ல இருந்து குதிக்கற வேலை எதுக்கு?" என்று அக்கா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை. மருத்துவம், கணக்கு, சமையல், ஸ்டோர் என்று இருப்பவர்களுக்கு இந்தப் பயிற்சியால் என்ன பயன்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்க.

சூலூர்_பெரியசாமி
தம்பி, நான் சப்ளை பிரிவில் 17 வருஷம் ஸ்டோர் பார்த்தவன். வேண்டாம் என்றுதான் சொல்வேன். என்னோடு ஒரு கிளார்க் இருந்தார். விங் வாங்கியவர். வாங்கினால் மட்டும் போதாது, தகுதி போகாமல் இருக்கத் திரும்பத் திரும்பக் குதிக்கணும். அப்படி ஒரு தடவை குதித்தபோது உழவு ஓட்டிய நிலத்தில் ஒரு கால் வரப்பிலும் ஒரு கால் சாலிலும் பட்டது. கணுக்கால் போயிற்று. 4 மாசம் அவர் இல்லாமல் லீவுக் கணக்கும் சம்பளக் கணக்கும் நாறிப் போனது. அந்த மனுஷன் ரிட்டையர் ஆகும்வரை சண்டையில் ஒருமுறைகூடக் குதிக்கவில்லை.

வரலாற்றையும் பாருங்க. நம்ம படை பெரிய அளவில் சண்டைக்காகக் குதித்தது 1971 டிசம்பர் 11, பங்களாதேஷ் போரில், டாங்கைல் என்ற ஊரில். அதற்கப்புறம் அதுபோல் ஒன்று நடக்கவே இல்லை. 1988இல் மாலத்தீவுக்குப் போனதும் இதே பாரா பிரிகேட்தான். விமானம் அங்கே ஹுலுலே தீவின் ஓடுதளத்தில் இறங்கியது, நடந்தே வெளியே வந்தார்கள். 1999 கார்கிலில் பாரா பட்டாலியன்கள் மலையில் காலால் ஏறித்தான் சண்டை போட்டன. சண்டை போடுகிறவர்களுக்கே இப்படி என்றால், ஸ்டோர்காரனுக்கு எதற்கு?

கோபி_வாய்க்கால்
பெரியசாமி அண்ணா, உங்க சர்வீஸுக்கு மரியாதை. ஆனால் இந்த விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியாது. நான் பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்தவன், அது வண்டி இல்லை, படையோடு போகும் மருத்துவ யூனிட். இந்தத் தம்பி பார்க்கும் அதே வேலை.

உங்க கிளார்க் கதையையே எடுத்துக்குங்க. சாதாரணப் பயிற்சியிலேயே கணுக்கால் போகிறது. சரி, எதிரி நிலத்தில் 700 பேர் குதிக்கிறார்கள். சண்டை ஆரம்பிக்கும் முன்பே சில பேருக்குக் கணுக்கால், முட்டி, முதுகு அடிபடும். அங்கே யார் கட்டுப்போடுவது? ரோடு கிடையாது, ஜீப் வராது, ஆஸ்பத்திரி வண்டி வராது. கூடவே குதித்து வந்தவன்தான் கட்டுப்போடணும். டாங்கைலில் காலாட்படையோடு பீரங்கிக்காரர்கள், எஞ்சினியர்கள், மருத்துவக் குழு எல்லாரும் சேர்ந்து இறங்கியது அதனால்தான்.

கொரியாவை யாரும் சொல்லவில்லையே. 1951 மார்ச் 23, முன்சான்-நி என்ற இடம். அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படையோடு நம்ம 60ஆவது பாரா ஃபீல்டு ஆம்புலன்ஸில் இருந்து 12 பேர் குதித்தார்கள். முன்னால் நின்றவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். டாக்டர். 1941இல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்களில் ஒருவர் அவர். கொரியாவில் செய்ததற்கு மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். டாக்டருக்குக் குதிப்பு எதற்கு என்று அன்றைக்கு யாராவது அவரைத் தடுத்திருந்தால், அந்தக் காயம்பட்டவர்களுக்குப் பக்கத்தில் யார் இருந்திருப்பார்கள்?

இன்னொன்று, இது என் கையால் செய்தது. மருந்துப் பையைக் காலோடு கட்டிக்கொண்டுதான் கதவுக்கு வருவோம். பாராசூட் விரிந்ததும் பையை அவிழ்த்துவிட்டால் கயிற்றில் தொங்கிக்கொண்டு நமக்கு முன்னால் தரையைத் தொடும். அந்த அதிர்ச்சியில் எது உடையும், எது பிழைக்கும் என்பது கட்டி இறக்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். முதல் தடவை நான் கத்தரிக்கோலை மேலே வைத்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் அது குளுக்கோஸ் பையைக் கிழித்திருந்தது. அடுத்த தடவையிலிருந்து ஒவ்வொன்றையும் பஞ்சில் சுற்றித்தான் அடுக்கினேன்.

காங்கேயம்_டீச்சர்
என் வீட்டுக்காரர் சிக்னல்ஸில் இருந்தார். நானும் 9 வருஷம் குவார்ட்டர்ஸில் இருந்திருக்கிறேன். கோபி அண்ணன் சொல்வது பாரா பிரிகேட்டின் மருத்துவக் குழுவுக்குச் சரி. ஆனால் கேள்வி அதோடு முடியவில்லையே. ஒரு நர்சிங் அசிஸ்டென்ட் குதிக்கக் கற்கும் நேரத்தில் இரத்தப்போக்கை நிறுத்துவதிலும் மூச்சுக்குழாய் போடுவதிலும் கை தேறினால் எத்தனையோ உயிர் பிழைக்குமே. கை வித்தை பழக்கம் விட்டால் போய்விடும். அதுவும் நினைவில் இருக்கணும்.

இரண்டாம் உலகப்போரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெமில் பிரிட்டிஷ் படையின் இரண்டு ஃபீல்டு ஆம்புலன்ஸ் பாராசூட்டில் வந்தன, இன்னொன்று கிளைடரில், அதாவது எஞ்சின் இல்லாத விமானத்தில் வந்தது. கிளைடரில் வந்தவர்களுக்கு ஜம்ப் தேவைப்படவே இல்லை. இப்போது அந்த இடத்தில் ஹெலிகாப்டர் இருக்கிறது. 2024 ஆகஸ்டில் நம்ம படையே ஒரு ஆஸ்பத்திரிப் பெட்டியை 15,000 அடி உயரமுள்ள இடத்தில் பாராசூட்டில் இறக்கிக் காட்டியது. சாமானை இறக்கலாம், ஆளை ஹெலிகாப்டரில் கொண்டுபோகலாம் அல்லவா?

கோபி_வாய்க்கால்
டீச்சரம்மா, நல்ல கேள்வி. அந்த உயரத்தில் காற்று மெலிசு. ஹெலிகாப்டர் தூக்கும் எடை குறைந்துவிடும், மேகம் மூடினால் வரவே வராது. பெட்டி இறங்கிவிட்டது சரி, அதைத் திறந்து கூடாரம் போட்டுக் கத்தி எடுக்கப்போவது யார்? ஆள் இல்லாத பெட்டி வெறும் பாரம்.

மருத்துவத்தில் கை தேறணும் என்பதில் எனக்கும் அதே எண்ணம்தான். இரண்டும் வேணும் என்கிறேன், அதனால்தான் எல்லாரும் இதற்குப் பேர் கொடுப்பதில்லை.

சூலூர்_பெரியசாமி
மருத்துவத்தை விட்டுவிடறேன். கொரியா விஷயம் எனக்கு இத்தனை விவரமாகத் தெரியாது. கிளார்க், சமையல்காரர் விஷயத்தில் மட்டும் என் கருத்து மாறவில்லை. குதித்த முதல் இரண்டு மூணு நாள் கையில் இருக்கும் காய்ந்த ரேஷன்தான். அந்த நேரத்தில் சமையல்காரருக்கு என்ன வேலை?

கோபி_வாய்க்கால்
ஸ்ட்ரெச்சர் தூக்குவார் அண்ணா. ஒருத்தனைத் தூக்க 4 பேர் வேணும். அது ஒருபக்கம் இருக்க, கூடக் குதிக்காதவன் பின்னால் வந்து சேரும்போது "நீ எங்கே இருந்தே?" என்று யாரும் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி இருக்கும். எங்க யூனிட் சமையல்காரர் கையில் வாங்கிச் சாப்பிடும்போது அவர் சட்டையில் விங்கைப் பார்ப்போம். அது எங்களுக்குப் பெரிசு.

சூலூர்_பெரியசாமி
மனசுக்குச் சரி, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்காக ஒருத்தனின் கணுக்காலைப் பணயம் வைக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

பல்லடம்_தறி
எல்லாவற்றையும் தறிச்சத்தம் நின்ற நேரத்தில் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். கொரியா வரை கேட்டாள், அப்புறம் ஒன்றே ஒன்று கேட்டாள்: ப்ரொபேஷனில் தேறாவிட்டால் பையனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா?

கோபி_வாய்க்கால்
இல்லைங்க, பழைய யூனிட்டுக்கே திரும்பிப் போவான். வேலைக்கு ஒன்றும் ஆகாது, அக்காவைப் பயப்படாமல் இருக்கச் சொல்லுங்க. தம்பியைத் தினமும் பொழுது விடியும் முன் முதுகில் எடை போட்டு ஓடச் சொல்லுங்க, ப்ரொபேஷனில் ஆளைக் கழிப்பது அதுதான். தட்டுப்போரில் இருந்து குதிப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க. களத்து மண் இறுகிக் கிடக்கும். பள்ளியில் சொல்லிக்கொடுக்கும் முன்பே முட்டி போய்விட்டால் பேர் கொடுக்கக்கூட முடியாது.