எபிகூரஸ் தின்னச் சொன்னவரா?

அண்ணன்: வாழ்க்கையென்றால் தின்பதும் குடிப்பதும்தான் என்று பழைய கிரேக்கத் தத்துவஞானி எபிகூரஸ் சொன்னதாக ஒரு பார்வர்டு சுற்றுகிறது. பெரியப்பா, நீங்கள் படித்திருக்கிறீர்களே, உண்மையா?

பெரியப்பா: இல்லப்பா. அந்தப் பழி அவர் உயிரோடு இருந்தபோதே கிளம்பிவிட்டது. அவருக்கு ரொட்டியும் தண்ணீரும் போதும். ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதி, ஒரு சின்னச் சட்டி பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து சாப்பிடத் தோன்றினால் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கிறார். அவருக்கு விருந்தே அவ்வளவுதான்.

சித்தி: ஆனால் இன்பம்தான் குறிக்கோள் என்று சொன்னவர் இவர்தானே?

பெரியப்பா: இவர்தான். உடம்பில் வலியும் மனதில் கலக்கமும் இல்லாத நிலையைத்தான் இன்பம் என்றார். குடியையும் ஓயாத கேளிக்கையையும் சொல்லவில்லை என்று மெனோகியஸ் என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவரே தெளிவாக எழுதிவிட்டார். பசி, தாகம் போன்ற ஆசைகள் இயற்கையானவை, தேவையானவை, அவற்றைச் சுலபமாகத் தீர்த்துவிடலாம். விதவிதமான சாப்பாடு கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் குறைவில்லை. பேர், புகழ், அதிகாரத்துக்கான ஆசை இருக்கிறதே, அது எவ்வளவு போட்டாலும் நிறையாது, அதனால் விட்டுவிடு என்கிறார்.

தங்கை: எந்த ஊர்க்காரர் பெரியப்பா?

பெரியப்பா: கி.மு. 341-இல் சாமோஸ் தீவில் பிறந்தார், அப்பா பள்ளி ஆசிரியர். மிதிலீனிலும் லாம்ப்சகஸிலும் பாடம் சொல்லிவிட்டு, கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் வீடும் ஒரு தோட்டமும் வாங்கினார். பள்ளிக்கும் தோட்டம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெண்களும் அடிமைகளும் அங்கே மற்றவர்களோடு சேர்ந்து தத்துவம் படித்தார்கள். அந்தக் காலத்து ஏதென்ஸில் இது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பார். அதனாலேயே இன்னும் அதிகமாக வாயில் போட்டு மென்றார்கள்.

அத்தை: அண்ணா, நாம் இருக்கும்வரை சாவு இல்லை, சாவு வந்தபின் நாம் இல்லை, அதனால் பயப்படாதே என்று சொன்னவரும் இவர்தானே. என் சாவுக்கு அது சரி. என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எனக்கிருப்பது பயம் இல்லை, துக்கம். அதற்கு எபிகூரஸ் என்ன சொல்கிறார்?

பெரியப்பா: அழாதே என்று சொல்லவில்லை அம்மா. நண்பர் செத்தும் கண்ணீர் வராத மனம் துக்கத்தைவிடப் பெரிய கேடு என்பதுதான் எபிகூரஸ் பள்ளிக்காரர்களின் கட்சி, இதைப் பதிந்து வைத்தவர் இவர்களை எதிர்த்து எழுதிய பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். இறந்த நண்பரின் நினைவு இனிமையானது என்றும் எபிகூரஸ் எழுதியிருக்கிறார்.

அத்தை: எபிகூரஸ் எப்படிப் போனார்?

பெரியப்பா: கல்லடைப்பு. கி.மு. 270-இல், எழுபதைத் தாண்டிய வயதில், சிறுநீர் அடைத்து, பதினான்கு நாள் நோயில் தவித்திருக்கிறார். கடைசி நாளில் நண்பர் இடோமெனியஸுக்கு எழுதிய கடிதத்தில், வலி இதற்குமேல் கூட முடியாது, ஆனாலும் நாம் பேசியதையெல்லாம் நினைக்கும்போது வரும் மகிழ்ச்சி அதற்கு எதிரே நிற்கிறது என்கிறார். கையோடு, இன்னொரு நண்பர் மெட்ரொடோரஸின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்கிறார். மெட்ரொடோரஸ் இவருக்குச் சில வருடம் முன்பே போய்விட்டார். உயிலிலும் அதே கவலைதான், மெட்ரொடோரஸின் மகளுக்கு வயது வந்ததும் நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும், சீதனத்துக்குச் சொத்திலிருந்து எடுத்துக்கொடுங்கள் என்று. மூஸ் என்பவர் உட்பட நான்கு அடிமைகளுக்கு விடுதலையும் எழுதி வைத்தார்.

தங்கை: சுகபோகி என்று சொன்ன ஆளா இது!

அத்தை: அந்தக் கடைசிக் கடிதம் முழுசாகக் கிடைக்குமா அண்ணா?

பெரியப்பா: பழைய தத்துவஞானிகளின் வாழ்க்கையை எழுதிய டயோஜெனிஸ் லயேர்டியஸ் புத்தகத்தில் இருக்கிறது, சில வரிதான். இராத்திரி தமிழில் எழுதி உனக்குத் தனியாக அனுப்புகிறேன்.