லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 3060: மைனிங்கில் ஹாஷ்ரேட் சரிகிறது, எந்த செட்டிங்கைத் தொடுவது?

சுடுதட்டு:
6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, விண்டோஸ் 11, மைன் செய்வது ரேவன்காயின் என்ற கிரிப்டோ நாணயம் (அதன் அல்காரிதம் காவ்பவ்). தொடங்கியதும் ஹாஷ்ரேட், அதாவது கணக்குப் போடும் வேகம், நொடிக்கு 18 மெகாஹாஷ் காட்டுகிறது. பத்து நிமிடத்தில் 13-க்கு விழுந்து அங்கேயே ஊசலாடுகிறது. வெப்பம் 86–87 டிகிரி. கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருளான ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் ஸ்லைடர் மங்கிக் கிடக்கிறது, நகர மறுக்கிறது. மெமரி வேகத்துக்கு +2000 மெகாஹெர்ட்ஸ் கொடுத்தால் திரை கறுத்து டிரைவர் விழுகிறது. மைனிங் ரிக் (பல கார்டு பூட்டிய கணினி) வைத்திருப்பவர்கள் எல்லோரும் 2000 என்றுதானே எழுதுகிறார்கள்?

ஹெர்ட்ஸ்மணி:
அவர்கள் எழுதுவது லினக்ஸ் கணக்கு. அங்கே மெமரி ஆஃப்செட்டை (கூட்டும் வேகத்தை) இரட்டிப்பாகக் குறிப்பார்கள். அவர்களுடைய 2000 உங்கள் ஆஃப்டர்பர்னரில் 1000தான். அதையும் எடுத்தவுடன் போட வேண்டாம். +400-இல் தொடங்கி நூறு நூறாக ஏற்றுங்கள், ஒவ்வொரு படியிலும் அரை மணி நேரம் ஓடட்டும். காவ்பவ் மெமரியை மட்டும் நம்பிய அல்காரிதம் இல்லை, கார்டின் கணக்குப் பகுதியான கோரையும் நன்றாகப் பிழியும். அதனால் மெமரியை எவ்வளவு முறுக்கினாலும் பலன் கொஞ்சம்தான். எத்தீரியம் நாணயத்தின் பழைய அல்காரிதமான எத்தாஷ் காலத்து செட்டிங்குகளை இதற்கு அப்படியே எடுக்கக் கூடாது. எத்தீரியமே 2022 செப்டம்பரில் மைனிங்கை விட்டுப் போய்விட்டது, பழைய வீடியோக்கள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன.

பவர் லிமிட் பல லேப்டாப்களில் கார்டின் உள் மென்பொருளான வீபயாஸிலேயே பூட்டப்பட்டிருக்கும், அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வோல்டேஜைக் குறையுங்கள். ஆஃப்டர்பர்னரில் கண்ட்ரோல்+எஃப் அழுத்தினால் எந்த வோல்டேஜுக்கு எந்த கோர் வேகம் என்று காட்டும் வளைகோடு திறக்கும். 725 மில்லிவோல்ட் புள்ளியை 1250 மெகாஹெர்ட்ஸுக்கு நகர்த்துங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாவற்றையும் அந்த உயரத்துக்கு மேல் போகாதபடி கீழே இறக்கிவிட்டு அப்ளை கொடுங்கள். டிரைவர் விழுந்தால் 1200-க்கு இறக்குங்கள், நிலையாக நின்றால் ஐம்பது ஐம்பதாக ஏற்றிப் பாருங்கள்.

வளைகோடு பிடிபடவில்லை என்றால், அட்மின் கமாண்ட் பிராம்ப்டில் டிரைவரோடு வரும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளை மூலம் கோர் வேகத்தை 1250-இல் பூட்டலாம். ரீஸ்டார்ட் ஆனதும் அது கலைந்துவிடும், ஞாபகமிருக்கட்டும்.

செப்புக்குழாய்:
87 டிகிரி என்பது பல லேப்டாப்களில் கார்டு தானே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் இடம். ஆரம்ப 18 உண்மையான வேகமே இல்லை, சூடேறுவதற்கு முன் காட்டும் எண். கார்டின் நிலையைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் (வேகத்தைத் தடுப்பது எது) வரியைப் பாருங்கள். தெர்மல் என்றிருந்தால் சூடுதான் தடை, பவர் என்றிருந்தால் வாட் வரம்பு.

பெரும்பாலான மாடல்களில் சிபியுவும் ஜிபியுவும் சூட்டைக் கடத்தும் ஒரே ஹீட்பைப்பைப் பகிர்கின்றன. பவர் ஆப்ஷனில் மேக்சிமம் பிராசஸர் ஸ்டேட்டை 99 சதவீதம் ஆக்கினால் டர்போ நின்றுவிடும், மைனிங்குக்கு இழப்பில்லை. டைனமிக் பூஸ்ட் இருந்தால் அணைத்துவிடுங்கள். சிபியு சும்மா இருக்கும்போது அதன் பங்கு வாட்டையும் கார்டுக்குத் தள்ளிவிடுவது அதன் வேலை. திரையை உள்ளமைந்த கிராஃபிக்ஸில் ஓட விடுங்கள், கார்டின் மெமரி கொஞ்சம் மிச்சமாகும்.

இன்னொன்று, நீங்கள் பார்க்கும் டிகிரி கோருடையது. இந்தக் கார்டின் ஜிடிடிஆர்6 மெமரி எவ்வளவு சூடு என்று வழக்கமான மென்பொருள்கள் காட்டாது. மெமரியின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேடை மாற்றுவதானால் பழையதன் தடிமனை அளந்து அதே அளவில் வாங்குங்கள். அரை மில்லிமீட்டர் கூடினாலும் ஹீட்சிங்க் தூக்கிக்கொண்டு கோரில் சரியாக உட்காராது, மாற்றுவதற்கு முன் இருந்ததைவிடச் சூடு ஏறும். பேட்டரி சார்ஜ் வரம்பை 60 சதவீதத்தில் நிறுத்துங்கள். நாள் முழுக்க சூட்டிலும் முழு சார்ஜிலும் கிடந்தால் உப்பிவிடும்.

சுடுதட்டு:
725-இல் 1250 நிற்கிறது. 16 மெகாஹாஷ், 73 டிகிரி, அசையவில்லை. மெமரி +800. ஆனால் பூலில் (பலர் சேர்ந்து மைன் செய்யும் சர்வரில்) நான் அனுப்பும் சில ஷேர்கள், அதாவது விடைகள், தள்ளுபடி ஆகின்றன.

ஹெர்ட்ஸ்மணி:
எந்த வகைத் தள்ளுபடி என்று பாருங்கள். ஸ்டேல் என்றால் பதில் தாமதமாகப் போய்ச் சேர்கிறது: இணைப்பு அல்லது தூரத்து சர்வர். பக்கத்து சர்வரை மாற்றுங்கள், வைஃபையை விட்டு கேபிள் போடுங்கள். இன்வேலிட் என்றால் கார்டு தப்பாகக் கணக்குப் போடுகிறது, மெமரியை 150 குறையுங்கள். ஹாஷ்ரேட் எண் குறையாமலே இன்வேலிட் வரலாம், மைனர் மென்பொருளின் திரையை மட்டும் நம்பாதீர்கள்.

யூனிட்கணக்கு:
மைனர் காட்டும் வாட் கார்டுக்கு மட்டும். சுவரில் மீட்டர் போட்டு அளங்கள். மொத்தம் 100 வாட் என்றால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட், மாதத்துக்கு 72. உங்கள் கட்டணத்தால் பெருக்கி, பூல் காட்டும் நாள் வருமானத்தோடு ஒப்பிட்ட பிறகு மேற்கொண்டு ட்யூன் செய்யுங்கள்.

டேக் கோப்பையும் கவனியுங்கள்; மைனிங் கணக்குக்காகக் கார்டின் மெமரியில் முழுதாக ஏற்ற வேண்டிய தரவு அது. ரேவனில் 7500 பிளாக்குக்கு ஒரு முறை, அதாவது சுமார் 5 நாளுக்கு ஒரு தடவை, அது 8 எம்பி வளர்கிறது. வருடத்துக்கு அரை ஜிபிக்கு மேல். ஏற்கெனவே 5 ஜிபியைத் தாண்டிவிட்டது, விண்டோஸும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு நாள் மைனர் மெமரி போதவில்லை என்று நின்றால் வளைகோட்டைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம், 6 ஜிபி கார்டின் காலம் அந்த நாணயத்தில் முடிந்தது என்று அர்த்தம்.