நீலகிரியில் வல்லூறு பழக்கி வேட்டையாட இயலுமா?

குன்னூர்வாசி:

அனைவருக்கும் வணக்கம். பயிற்றுவித்த பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலையைப் பற்றிச் சில காலமாகப் படித்து வருகிறேன். அதை முறையாகக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரமொன்றில் வல்லூறு இணை கூடு கட்டியிருக்கிறது. அதிலிருந்து ஒரு குஞ்சை எடுத்து வளர்க்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவரோ, அமெரிக்காவைச் சேர்ந்த ஹாரிஸ் பருந்தை விலைக்கு வாங்கினால் நம் நாட்டுச் சட்டம் குறுக்கே வராது என்கிறார். எந்தப் பறவையில் தொடங்குவது, என்னென்ன கருவிகள் தேவைப்படும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கோத்தகிரி வழக்கறிஞர்:

கருவிகளைப் பற்றிப் பேசுவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கூட்டிலிருந்து குஞ்சை எடுப்பதும் முட்டையை எடுப்பதும் வேட்டை என்ற வரையறைக்குள்ளேயே வந்துவிடுகின்றன. பைரி போன்ற வேட்டைப் பறவைகள் அச்சட்டத்தின் முதலாம் பட்டியலில் உள்ளன. அப்பட்டியலில் உள்ள உயிரினத்தைப் பிடித்தால், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் குறைந்தது 3 ஆண்டுகள், அதிகபட்சம் 7 ஆண்டுகள் சிறைத்தண்டனையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி வழங்கக்கூடிய காரணங்களில் ஆராய்ச்சி இருக்கிறது, கல்வி இருக்கிறது. பொழுதுபோக்கு வேட்டைக்கு அங்கே இடமில்லை.

ஹாரிஸ் பருந்து பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டது பாதி உண்மைதான். அது காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் (CITES) இரண்டாம் பட்டியலில் இருப்பதால், உரிய ஆவணங்களும் பதிவும் இல்லாமல் அதை வைத்திருக்க இயலாது. ஆவணங்கள் அனைத்தும் சரியாக இருந்தாலும், அதை எதன்மேல் ஏவப் போகிறீர்கள்? நம் மலையில் அதற்கு இரையாகக்கூடிய முயலும் காட்டுக்கோழியும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை. ஏவப்படும் பறவை வெளிநாட்டுடையது என்பதால் கொல்லப்படும் முயலுக்குள்ள பாதுகாப்பு நீங்கிவிடாது. சொன்னவர் அந்தப் பறவையை விற்பவராகவும் இருந்தால், நான் வியப்படைய மாட்டேன்.

கொடைக்கானல் பெரியவர்:

தம்பி, வளைகுடாவில் வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் இடத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். காணொளிகளில் வானத்திலிருந்து பாயும் காட்சியைத்தான் காட்டுவார்கள். வேலையின் பெரும்பகுதி தராசின் முன்னால் நடக்கிறது. பறவை நம்மிடம் திரும்பி வருவது பாசத்தால் அன்று, பசியால். வயிறு நிறைந்திருந்தால் அது மரத்தில் அமர்ந்து நம்மைத் திரும்பியும் பார்க்காது. அளவுக்கு மீறி எடை குறைந்தாலோ பறக்கும் வலுவை இழந்துவிடும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள எடையை ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனியே கண்டறிந்து, நாள்தோறும் நிறுத்துப் பார்த்து, அதற்கேற்ப இறைச்சியை அளந்து கொடுக்க வேண்டும். கையுறையில் அமர்ந்து உண்ணப் பழக்குவதும், காலில் தோல் வார் கட்டி நீளக் கயிற்றில் பறக்கவிட்டு அழைப்பதும், கடைசியில் கயிற்றை நீக்குவதும் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன.

ஒரு கிலோ எடையுள்ள பெண் பறவையிடம் பத்து கிராம் தவறினால் சமாளித்துவிடலாம். உங்கள் தோட்டத்து வல்லூறு ஏறத்தாழ 100 முதல் 200 கிராம் எடையே உள்ளது. அதற்குப் பத்து கிராம் என்பது பெரிய இழப்பு. அதிலும் மார்கழி, தை மாதங்களில் உதகையில் உறைபனி விழும்போது உடற்சூட்டைக் காக்கவே அதற்குக் கூடுதல் உணவு தேவைப்படும். கோடையில் சரியாக இருந்த அளவை அப்போதும் கொடுத்தால், மாலையில் நலமாக இருந்த பறவை மறுநாள் காலையில் உயிரோடு இருக்காது. சிறிய பறவைதானே, எளிதாக இருக்கும் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது.

கூட்டிலிருந்து எடுத்து மனிதக் கையில் வளர்த்த குஞ்சு மனிதர்களையே தன் இனமாக எண்ணிக்கொள்ளும். உணவு கேட்டு நாள் முழுதும் கத்தும், வளர்ந்தபின் முகத்தில் பாயவும் தயங்காது. அமெரிக்காவில் இதைக் கற்க விரும்புபவர் தேர்வில் 80 விழுக்காடு மதிப்பெண் பெற்று, பறவைக் கூடத்தை ஆய்வுக்கு உட்படுத்தி, அனுபவமுள்ள ஒருவரின் கீழ் குறைந்தது 2 ஆண்டுகள் பயில வேண்டும் என்று விதித்திருப்பது காரணமில்லாமல் அன்று. அமீரகத்தில் பறவைக்கே கடவுச்சீட்டு உண்டு. அபுதாபியில் 1999ஆம் ஆண்டு முதல் இவற்றுக்கெனத் தனி மருத்துவமனையும் இயங்குகிறது. இக்கலையின்மேல் உங்களுக்கு உள்ள ஆர்வம் உண்மையானது என்றால், அது சட்டப்படி நடக்கும் நாட்டுக்குப் படிப்புக்கோ வேலைக்கோ செல்லும்போது கற்றுக்கொள்ளுங்கள்.

குன்னூர்வாசி:

இருவருக்கும் நன்றி. குஞ்சை எடுக்கும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். எனினும் ஒரு ஐயம்: காற்றில் குஞ்சு தானாகவே கீழே விழுந்துவிட்டால், அதை எடுத்துக் காப்பாற்றலாம் அல்லவா?

உதகை பறவை நோக்குநர்:

விழுந்ததாகத் தோன்றும் குஞ்சுகளில் பல, இறகு முளைத்துக் கிளை கிளையாகத் தாவிப் பழகும் நிலையில் உள்ளவை. தாய்ப் பறவை தரைக்கு வந்தே அவற்றுக்கு இரை ஊட்டும். நாயோ பூனையோ நெருங்கும் இடமாக இருந்தால் ஒரு கூடையில் வைத்து அதே மரத்தில் கட்டிவிட்டு விலகி நில்லுங்கள். காயம் இருந்தால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். பாதுகாக்கப்பட்ட உயிரினம் கைக்கு வந்தால் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பாலும் ரொட்டியும் கொடுத்துவிடாதீர்கள். எலும்பில்லாத இறைச்சியை மட்டுமே தொடர்ந்து கொடுத்தாலும் சுண்ணச்சத்துக் குறைந்து கால்கள் வளைந்துவிடும்.

உங்களுக்கு வேட்டையைப் பார்க்கும் ஆசை இருந்தால், அதற்குப் பறவையைக் கட்டிவைக்கத் தேவையில்லை. நம் மலைகளின் செங்குத்துப் பாறைகளில் ஷாஹீன் எனப்படும் பைரி வாழ்கிறது. மேலே கருஞ்சாம்பல், கீழே செம்பழுப்பு, முகம் முழுதும் கறுப்பு. மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் பாய்ச்சலுக்குப் பெயர்பெற்ற இனத்தின் தென்னாட்டுக் கிளை அது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இனப்பெருக்கக் காலம் என்பதால், கோடநாடு போன்ற காட்சிமுனைகளில் மூடுபனி விலகிய காலை நேரத்தில் தொலைநோக்கியுடன் காத்திருங்கள். கூட்டைக் கண்டுவிட்டால் அதன் இடத்தை இங்கே எழுத வேண்டாம். குஞ்சு தேடி அலைபவர்களும் இவற்றைப் படிக்கிறார்கள்.