சித்திரை லீவில பிள்ளையளோட வேப்பம்பூ வடகம், நுங்கு வண்டில்: கண்டதை எழுதுங்கோ (ஒவ்வொரு பதிவுக்கும் மேல இருக்கிறது எழுதினவரின்ர புனைபெயர்)

கிணற்றடி

யாழ்ப்பாணம் கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டு முற்றம். ஆச்சியும் பேரப்பிள்ளையளும் ஓலைப்பாயில வடகம் தட்டி முடிச்சு, ரெண்டாம் நாள் பின்னேரம் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவை. ஆச்சி தட்டினது ரூபாக்குத்தி மாதிரி, ஒரே மட்டம். பிள்ளையள் தட்டினது உள்ளங்கை அகலம், நடுவில மேடு. மேல தொட்டால் கல்லுப்போல கிடக்கு. ஆச்சி ஒண்டை எடுத்து ரெண்டாப் பிட்டா. நடுவில பச்சை மா, பிட்ட இடத்தில நூல் இழுபட்டு வந்தது, புளிச்ச மணம். அந்த நூல் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது, அதுதான் எழுதுறன்.

செய்முறை எல்லாருக்கும் தெரியும். அளவை மட்டும் சொல்லுறன்: காய்ஞ்ச வேப்பம்பூ ஒரு சுண்டு (அளக்கிற சின்னப் பேணி), தோலோட உழுந்து அரைச் சுண்டு, செத்தல் மிளகாய் பத்துப் பன்னிரண்டு, சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, பெருஞ்சீரகம் ஒரு மேசைக்கரண்டி, கறிவேப்பிலை, உப்பு. உழுந்து நாலு மணித்தியாலம் ஊறவேணும். பிள்ளையளுக்குத் தட்டக் குடுத்தால் அகலம் நாலு சென்ரிமீற்றர், மொத்தம் (தடிப்பு) அரைச் சென்ரிமீற்றருக்கு மேல போகக்கூடாது. தட்டி முடியப் பெருவிரலால நடுவை ஒருக்கா அமத்தச் சொல்லுங்கோ. காயாமல் நிக்கிறது எப்பவும் நடுதான்.

சுளகு

அண்ணை, நூல் விட்டது மொத்தத்தால எண்டு பிழையாச் சொல்லுறியள். மொத்தமாத் தட்டினாலும் நல்ல வெயிலில நாலு நாளில காயும். நூல் விட்டது தண்ணியால. உழுந்தை மிக்சியில போட்டு, பிளேட் சுத்துதில்லை எண்டு தண்ணி விட்டு அரைச்சிருப்பினம். ஆட்டுக்கல்லில அரைச்சால் ஊறின ஈரமே காணும். மிக்சி எண்டால் ஊறின உழுந்தைக் கண்ணறைச் சட்டியில அரை மணித்தியாலம் வடிய விட்டு, கொஞ்சம் கொஞ்சமா விட்டு விட்டு அரைக்கவேணும்.

ரெண்டாவது வெங்காயம். அரிஞ்சு உப்போட சேர்த்து வைச்சால் தண்ணி விடும், அந்தத் தண்ணி முழுக்க மாவுக்குள்ள போகும். அரிஞ்ச வெங்காயத்தை ஒரு மத்தியானம் வெயிலில வாட்டிப்போட்டுச் சேருங்கோ. உப்பு கடைசியில.

சரியோ பிழையோ எண்டு பாக்க ஒரு உருண்டை பிடிச்சுத் தட்டில வையுங்கோ. கொஞ்ச நேரத்தில சரிஞ்சு பரவினால் ஈரம் கூட. அதுக்கு அரிசிமா போடாதேங்கோ, வடகம் பொரிக்கேக்க கல்லாப் போகும். பூவைத்தான் கூட்டவேணும்.

பூப் பொறுக்குறதைப்பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. பிள்ளையளுக்குச் சரியான வேலை அதுதான். விடிய, காத்து எழும்ப முதல் மரத்துக்குக் கீழ பழைய சீலை விரியுங்கோ, இல்லாட்டி பூவோட மண்ணும் வரும். மண் வந்தால் பிறகு என்ன செய்தாலும் பல்லில கடிபடும். சுளகில போட்டுப் புடைச்சால் சருகு பறக்கும், மண் பின்னுக்கு நிக்கும். காம்பை ஆயுறது பிள்ளையளின்ர வேலை, சின்ன விரலுக்குத்தான் அது சரிவரும். கழுவிறதெண்டால் பொறுக்கின உடன கழுவி வடியவிட்டு அண்டைக்கே காயப்போடுங்கோ. ஈரத்தோட குவிச்சு வைச்சால் கறுத்துப்போகும்.

கிணற்றடி

தண்ணி கூடினால் பழுதாகும், சரி. ஆனால் அதே சட்டி மா, அதே பாய், அதே வெயில். ஆச்சி தட்டினது காய்ஞ்சது, பிள்ளையள் தட்டினது காயேல்லை. அதுக்கு என்ன சொல்லுறியள்?

பூவரசு

வடகச் சண்டை நடக்கட்டும். நான் நுங்கு வண்டிலுக்கு (நுங்குக் காயைச் சில்லாக்கித் தள்ளுற விளையாட்டு வண்டில்) வாறன். உரும்பிராயில ஒரு ஒழுங்கையால ரெண்டு பெடியள் வண்டில் தள்ளிக்கொண்டு வந்தவங்கள். ஒண்டு நேரா ஓடுது, மற்றது ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா நொண்டுது. தள்ளுற பெடியன் நிண்டு நிண்டு சில்லைப் பாக்கிறான், ஒண்டும் விளங்கேல்லை. தூரத்தில நிண்டு பாத்தாலே தெரியும்: ஒரு சில்லு ரெண்டு கண் நுங்கு.

மூண்டு கண் உள்ளதுதான் உருண்டையா இருக்கும். ரெண்டு கண் காய் ஒரு பக்கம் சப்பையா வரும், சில்லுக்கு உதவாது, குடிச்சுப்போட்டு மாட்டுக்குப் போடுங்கோ. நுங்கைக் குடிச்ச பிறகு மூண்டு குழிக்கும் நடுவில தும்பு திரண்ட ஒரு இடம் நிக்கும். அச்சுத்தடி அதுக்குள்ளாலதான் போகவேணும். கண்குழிக்குள்ளால குத்தினால் தடி பிடிபடாது, சில்லு ஆடும். கத்தி நுனியால சின்னத் துளை போட்டு, துளையை விடக் கொஞ்சம் மொத்தமான தடியை அறைஞ்சு ஏத்துங்கோ. தடி பெருவிரல் மொத்தம், நீளம் ஒண்டரைச் சாண். ரெண்டு கோம்பையும் (குடிச்சு முடிச்ச நுங்குக் காய்) ஒரே அளவா இருக்கவேணும், இல்லாட்டி வண்டில் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வேலிக்குள்ள போகும்.

தள்ளுற தடிக்கு வேலிப் பூவரசில கவர்த்தடி (நுனி ரெண்டாப் பிரிஞ்ச தடி) ஒண்டு வெட்டினால் காணும். நிலத்தில ஊண்டினால் பிள்ளையின்ர நெஞ்சளவு வரவேணும். கட்டையெண்டால் குனிஞ்சு ஓடி விழுவினம்.

வடமராட்சியான்

பூவரசு, முக்கியமானதை விட்டுட்டியள். சில்லு அச்சில சுத்துறதில்லை. சில்லும் அச்சும் சேர்ந்து சுத்தும், அச்சு கவருக்குள்ள உருளும். அதாலதான் கோம்பை அச்சில இறுக்கமா இருக்கவேணும், கவர் வழுக்கவேணும். கவரின்ர உள்பக்கம் பட்டையை உரிச்சு ரெண்டு துளி தேங்காயெண்ணெய் பூசுங்கோ. பட்டையோட விட்டால் அச்சு உருளாமல் சில்லு மண்ணில இழுபடும்.

மூண்டு நாலு நாளில கோம்பை காய்ஞ்சு சுருங்க அச்சு கழரத் தொடங்கும். துளைக்குள்ள ஒரு ஓலைத்துண்டை மடிச்சு ஆப்பா அடிச்சால் இன்னும் ஒண்டு ரெண்டு நாள் ஓடும். அதுக்குப் பிறகு புதுசு செய்யிறதுதான் சுகம், நுங்குக்கு என்ன பஞ்சம்.

தாவடி மருமகள்

சித்திரை லீவுக்கு வெளிநாட்டில இருந்து வாற பிள்ளையளுக்குப் பட்டம் ஏத்தக் காட்டலாமோ? வல்வெட்டித்துறைப் பட்டம் மாதிரி ஒண்டு கட்டித்தரச் சொல்லிக் கேக்கினம்.

வடமராட்சியான்

தங்கச்சி, வல்வெட்டித்துறையில பட்டப் போட்டி தைப்பொங்கலுக்கு. அது வாடைக்காத்து (வடகிழக்குக் காத்து). சித்திரையில காத்து ஒரு பக்கமா நிக்காது, பட்டம் ஏறும், உடன குத்தும். வைகாசி பிறந்து சோளகம் (தென்மேற்குக் காத்து) பிடிச்சால் சின்னப் பட்டம் விட்டுப் பாக்கலாம். விண் (காத்தில கூவுற கருவி) பூட்டின பெரிய பட்டம் எண்டால் தை மாசம் வரச் சொல்லுங்கோ. இப்ப வாறவைக்கு வருசப்பிறப்புப் போர்த்தேங்காயை (தேங்காயால தேங்காயை அடிச்சு உடைக்கிற போட்டி) காட்டுங்கோ.

முசுறு

எல்லாரும் விளையாட்டுச் சொல்லுறியள். ஒருத்தரும் கேக்காட்டிலும் சில விசயம் எழுதிவிடுறன்.

நுங்கு சீவுறது பெரிய ஆக்களின்ர வேலை. காயைக் கையில பிடிச்சுச் சீவுறது பழகினவைக்கு மட்டும், மற்றவை குத்தியில வைச்சுச் சீவுங்கோ. பிள்ளையள் விரலால தோண்டிக் குடிக்கட்டும், ஆனால் வெள்ளைச் சட்டையோட விடாதேங்கோ. நுங்குக் கயர்க் கறை பிடிச்சால் லேசில போகாது. முத்தின நுங்கைச் சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. விரலால அமத்தப் பதிஞ்சால் இளசு, பதியாட்டி முத்தல், வயித்தைக் குத்தும்.

மாங்காய். கொக்கத்தடியால பறிக்கேக்க காம்பு ஒரு சென்ரிமீற்றராவது நிக்கவேணும். காம்பு அடியோட பிடுங்குப்பட்டால் பால் பீச்சும், அது தோலைச் சுடும். பிள்ளையளின்ர வாயைச் சுத்தி வாற புண் அதாலதான், வெயிலால இல்லை. பறிச்சதைக் காம்பு கீழ பாக்கக் கவிட்டு வைச்சுப் பால் வடிஞ்ச பிறகு கழுவுங்கோ. முசுறுக்கூடு (கடிக்கிற சிவப்பு எறும்பின்ர கூடு) உள்ள கொப்பில பிள்ளையளை ஏத்தாதேங்கோ. கடிபட்டுக் கையை விட்டால் கதை முடிஞ்சுது.

கருப்பணி (பதநீர்). முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசி இறக்கினது எண்டு தெரிஞ்சால் மட்டும் வாங்குங்கோ. சுண்ணாம்புதான் புளிக்காமல் பிடிக்குது. காலமை இறக்கினதைக் காலமையே குடிக்கவேணும், வெயில் ஏறினால் சுண்ணாம்பு போட்டதும் மாறும். நுரை பொங்கி மூக்கில புளி மணம் அடிச்சால் அது கள்ளாகத் தொடங்கியிட்டுது, பிள்ளையளுக்கு வேண்டாம். நல்ல கருப்பணியில ரெண்டு மாங்காய்த் துண்டு போட்டுப் பிளாவில (பனையோலையை மடிச்சுக் கோலின ஏனம்) குடுங்கோ. பிளாக் கோலப் பச்சையோலை வேணும், காய்ஞ்ச ஓலை மடிப்பில வெடிச்சு மடியெல்லாம் ஊத்தும்.

வெயில். வடகத்துக்கு நல்ல வெயில் பிள்ளைக்குக் கூடாத வெயில். விடியப் பொறுக்கி, எட்டரை ஒன்பதுக்குள்ள தட்டி முடியுங்கோ. பத்து மணிக்குப் பிறகு நாலு மணி வரைக்கும் பிள்ளையள் வேப்பமர நிழலுக்குள்ள நிக்கட்டும்.

சுளகு

கிணற்றடி அண்ணை, யோசிச்சுப் பாத்தன். நீங்கள் சொல்லுறதும் சரி, என்ர தண்ணிக் கதையும் சரி. ஈர மாவை மெல்லிசாத் தட்டினால் தப்பும், இறுக்க மாவை மொத்தமாத் தட்டினால் தப்பும். ரெண்டும் சேர்ந்தால்தான் நூல். இன்னொண்டு, முதல் நாள் பின்னேரமே திருப்பவேணும். ரெண்டாம் நாள் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தால் அடிப்பக்கம் பாயில வேர்க்கும். இரவில வெளியில விட்டால் பனி இறங்கி, பகல் காய்ஞ்சது வீண்.

தாவடி மருமகள்

காகத்துக்கு என்ன செய்யிறது? பிள்ளையளைக் காவலுக்கு விட்டால் அவையே பாதியைத் திண்டு முடிக்கினம்.

கிணற்றடி

பழைய மீன்வலைத் துண்டு ஒண்டு வாங்கி மேல போடுங்கோ, பாசையூர்ப் பக்கம் கேட்டால் சும்மாவே தருவினம். நல்லாக் கழுவிப் போட்டு விரியுங்கோ, மீன்மணத்துக்குப் பூனை வரும். வலை வடகத்தில தொடக்கூடாது, ஈரமா இருக்கேக்க ஒட்டி, தூக்கேக்க பிய்ச்சுக்கொண்டு வரும். நாலு மூலையிலயும் ரெண்டு ரெண்டு செங்கல்லு அடுக்கி இழுத்துக் கட்டுங்கோ. நடு தொய்ஞ்சால் அதுக்குக் கீழ பனையோலைக் கடகம் ஒண்டைக் கவிட்டு வையுங்கோ.