2,800 பேர், இரண்டு ஷிஃப்ட்: விடிஐக்கு எத்தனை ஹோஸ்ட் வேண்டும்?

கேள்வி: சிஸ்அட்மின்_சென்னை

வணக்கம். சென்னையில் கால் சென்டர், மதுரையில் கிளை. மொத்தம் 2,800 பேர். ஷிஃப்ட் காலை 6 முதல் 2.30 வரை, மதியம் 2 முதல் இரவு 10.30 வரை. இருக்கிற பிசி எல்லாம் ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல், விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10 சப்போர்ட்டும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. பழைய பிசியையே லினக்ஸ் தின் கிளையன்டாக (சர்வரில் ஓடும் டெஸ்க்டாப்பைக் காட்ட மட்டும்) மாற்றி, டெஸ்க்டாப் எல்லாம் டேட்டா சென்டர் சர்வரில் (ஹோஸ்டில்) ஓடும் விடிஐ முறையில், ஹொரைசன் மென்பொருளின் இன்ஸ்டன்ட் குளோனில் (ஒரே இமேஜிலிருந்து உடனுக்குடன் உருவாகும் டெஸ்க்டாப்) விண்டோஸ் 11 கொடுக்கலாம் என்று திட்டம். ஆளுக்கு 2 விசிபியு (மெய்நிகர் சிபியு), 8 ஜிபி ரேம். ஹோஸ்டுக்கு 64 கோர், 1 டிபி ரேம். ஷிஃப்டுக்கு 1,400 பேர் என்பதால் 1,400 டெஸ்க்டாப் போதும் என்கிறார் வெண்டர். சரியா? ப்ரொஃபைலுக்கு (ஆளுடைய செட்டிங், ஃபைல்கள்) எஃப்எஸ்லாஜிக்ஸ். சாஃப்ட்ஃபோனும் (கணினி வழியே பேசும் ஃபோன் மென்பொருள்) உண்டு.

பதில்: ஹைப்பர்வைசர்_கோவை

1,400 போதாது. உங்களுக்கு உச்ச நேரம் காலை அல்ல, மதியம் 2 முதல் 2.30. காலை ஷிஃப்ட் ஆள் லாக் ஆஃப் செய்யாமல் விண்டோவை மட்டும் மூடிவிட்டு எழுந்து போவார். செஷன் டிஸ்கனெக்ட் நிலையில் அப்படியே நிற்கும், அந்த டெஸ்க்டாப் யாருக்கும் கிடைக்காது. லாக் ஆஃப் செய்தாலும் குளோன் அழிந்து புதிதாகப் பிறக்க நேரம் பிடிக்கும். அதற்குள் அடுத்த ஷிஃப்ட் கதவைத் தட்டும்.

டிஸ்கனெக்ட் ஆன செஷனை 15 நிமிடத்தில் லாக் ஆஃப் செய்ய பாலிசி போடுங்கள். அதோடு 25 சதவீதம் கூட்டி 1,750 என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு வார லாகின், லாக் ஆஃப் நேரங்களை பிசிகளின் விண்டோஸ் ஈவென்ட் லாகில் எடுத்துப் பார்த்தால் இந்த 25 கூடுமா குறையுமா என்று தெரிந்துவிடும். அதைப் பார்க்காமல் பர்ச்சேஸ் ஆர்டர் போடாதீர்கள்.

ஹோஸ்டின் 1,024 ஜிபி ரேமில் ஹைப்பர்வைசருக்கும் (டெஸ்க்டாப்புகளை ஓட்டும் மென்பொருள்) ஓவர்ஹெட்டுக்கும் 100 ஒதுக்கினால் மீதி 924. எட்டால் வகுத்தால் ஹோஸ்டுக்கு 115 டெஸ்க்டாப். 1,750க்கு 16 ஹோஸ்ட், பழுது, பேட்ச் நேரத்துக்கு இரண்டு, ஆக 18. இதில் ஒரு கோருக்கு 3.6 விசிபியுதான் விழுகிறது. ஆபீஸ் வேலைக்கு 6 வரை தாங்கும். ரேமை 1.5 டிபி ஆக்கினால் ஹோஸ்டுக்கு 179, விகிதம் 5.6, மொத்தம் 12 ஹோஸ்ட் போதும். ஆறு ஹோஸ்டும் அவற்றின் கோர் லைசென்ஸும் மிச்சம். ஆனால் ஒரு ஹோஸ்ட் விழுந்தால் 179 பேர் ஒன்றாக வெளியே வருவார்கள், அதை மேலாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பைலட்டில் சிபியு ரெடி (டெஸ்க்டாப் சிபியுவுக்காகக் காத்திருக்கும் நேரம்) 5 சதவீதத்தைத் தாண்டினால் விகிதத்தைக் குறையுங்கள்.

ரேமை ஓவர்கமிட் செய்யவே (இருப்பதைவிட அதிகமாகக் கொடுக்கவே) வேண்டாம், முழு ரிசர்வேஷன் போடுங்கள் (ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் ரேமை முழுதாக ஒதுக்கி வையுங்கள்). போடாவிட்டால் விஎம்எஃப்எஸ் டேட்டாஸ்டோரில் (ஹோஸ்டுகளின் ஸ்டோரேஜில்) ஒவ்வொரு டெஸ்க்டாப்புக்கும் 8 ஜிபி ஸ்வாப் ஃபைல் உட்காரும். 1,750க்கு 14 டிபி வீண்.

பதில்: ப்ரொஃபைல்_பாதுகாவலர்

ஹோஸ்ட் கணக்கு சரி. ஆனால் ஹெல்ப்டெஸ்க்கை அலறவைப்பது ப்ரொஃபைல்தான்.

எஃப்எஸ்லாஜிக்ஸ் ஒவ்வொருவரின் ப்ரொஃபைலையும் ஒரு விஹெச்டிஎக்ஸ் (மெய்நிகர் டிஸ்க்) ஃபைலாக எஸ்எம்பி ஷேரில் (நெட்வொர்க் ஃபோல்டரில்) வைக்கும். ஷேர் டெஸ்க்டாப்புகள் இருக்கும் டேட்டா சென்டரிலேயே இருக்கட்டும். மதுரைக்கென்று அங்கே தனி ஷேர் வைக்காதீர்கள், அவர்களுடைய டெஸ்க்டாப்பும் சென்னையில்தானே ஓடுகிறது.

டெஸ்க்டாப் திடீரென்று செத்தால் அந்த ஃபைலின் பூட்டு ஃபைல் சர்வரில் அப்படியே இருக்கும். ஆள் மறுபடி லாகின் செய்தால் வெற்று தற்காலிக ப்ரொஃபைல் வரும். அதில் மாலை வரை வேலை பார்த்துச் சேமித்தது எல்லாம் லாக் ஆஃபில் போய்விடும். எனவே ப்ரொஃபைல் இணையாவிட்டால் உள்ளே விடாதே, தற்காலிக ப்ரொஃபைலோடு உள்ளே விடாதே என்கிற இரண்டு செட்டிங்கையும் 1 ஆக்குங்கள். லாகில் பிழை எண் 32 தெரிந்தால், ஃபைல் சர்வரில் கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓபன் ஃபைல்ஸ் போய் அவருடைய விஹெச்டிஎக்ஸ்ஸை மூடினால் போதும்.

ஆன்டிவைரஸில் விஹெச்டி, விஹெச்டிஎக்ஸ் இரண்டையும் விலக்குங்கள், சர்வரிலும் டெஸ்க்டாப்பிலும். கோல்டன் இமேஜில் (குளோன்களின் மூலப் பிரதியில்) ஆன்டிவைரஸ் ஏஜென்ட்டின் அடையாள எண்ணை அழித்த பிறகே ஸ்னாப்ஷாட் எடுங்கள். மறந்தால் 1,750 குளோனும் கன்சோலில் ஒரே மெஷினாகத் தெரியும். ஆபீஸை ஷேர்டு கம்ப்யூட்டர் ஆக்டிவேஷனில் நிறுவுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு லாகினும் புது மெஷினில் நிறுவியதாகக் கணக்காகும்.

சிஸ்அட்மின்_சென்னை

ரொம்ப நன்றி. ரிசர்வேஷன் பற்றி வெண்டர் வாயே திறக்கவில்லை. சாஃப்ட்ஃபோனுக்கும் லைசென்ஸுக்கும் யாராவது சொல்லுங்கள்.

பதில்: வாய்ஸ்_மதுரை

குரல் டெஸ்க்டாப்புக்குள் ஓடினால் மதுரை ஏஜென்ட் பேசுவது சென்னை டேட்டா சென்டர் வரை போய், காட்சி ப்ரோட்டோகாலோடு முட்டிமோதித் திரும்பும். பேச்சு உடையும். குரல் தின் கிளையன்டிலிருந்தே நேராகப் போகவேண்டும். அதற்கு உங்கள் சாஃப்ட்ஃபோனின் விடிஐ ப்ளகின் வேண்டும். அது நீங்கள் போடப்போகும் அந்த லினக்ஸில் ஓடுமா என்று எழுத்தில் வாங்குங்கள். ஓடாது என்றால் பழைய பிசி திட்டமே கவிழ்ந்துவிடும். ஃபயர்வாலில் டெஸ்க்டாப் பக்கம் 22443 டிசிபியோடு யுடிபியும் திறந்திருக்கட்டும். யுடிபி அடைபட்டால் பிளாஸ்ட் (ஹொரைசனின் காட்சி ப்ரோட்டோகால்) டிசிபிக்கு இறங்கும், பாக்கெட் விழும் லைனில் திரை இழுக்கும்.

லைசென்ஸில் பலர் தடுக்கி விழும் இடம்: மைக்ரோசாஃப்ட் 365 இ3-இல் மெய்நிகர் விண்டோஸ் டெஸ்க்டாப்பை அணுகும் உரிமை இருக்கிறது, ஆபீஸ் 365 இ3-இல் கிடையாது. இன்வாய்ஸில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று, ஏஜென்ட்டுக்கு பிரவுசரும் சிஆர்எம்மும் மட்டும்தான் என்றால் ஆளுக்கொரு விண்டோஸ் 11 எதற்கு? விண்டோஸ் சர்வரில் செஷன் ஹோஸ்ட் (பலர் பகிரும் ஒரே விண்டோஸ்) போட்டு, 8 விசிபியு, 64 ஜிபி விஎம்முக்கு (மெய்நிகர் மெஷினுக்கு) 20 பேர் என்று சோதித்துப் பாருங்கள். 88 விஎம், சுமார் 5.6 டிபி ரேம். இப்போதைய திட்டத்தில் 14 டிபி. ஆர்டிஎஸ் கேல் (செஷன் ஹோஸ்டை அணுகும் லைசென்ஸ்) தனியாக வாங்கவேண்டும், ஒரு விஎம் தொங்கினால் 20 பேரும் நிற்பார்கள். சாஃப்ட்ஃபோன் ப்ளகின் சர்வர் ஓஎஸ்ஸில் ஓடுமா என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.