எஸ்பிளனேடில் எழுபது விழுக்காடு இலவசம்: யாருக்குப் போய்ச் சேருகிறது?

பிடோக் வாசகன்

சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலை மையத்தில் நடக்கும் நிகழ்ச்சிகளில் சுமார் 70 விழுக்காடு இலவசம். இந்தக் கணக்கைக் கேட்டதும் நம்மவர்கள் பாராட்டத் தொடங்கிவிடுகிறார்கள். நான் பாராட்டத் தயாராக இல்லை. காரணத்தைச் சொல்கிறேன், மறுப்பவர்கள் மறுக்கலாம்.

60 கோடி வெள்ளியில் கட்டி 2002 அக்டோபரில் திறந்த மையம் அது. எல்லாருக்கும் உரிய கலை மையமாக இருப்பதே குறிக்கோள் என்கிறார்கள். நல்ல குறிக்கோள்தான். ஆனால் காசு வாங்காவிட்டால் எல்லாரும் வந்துவிடுவார்களா? பிரிட்டனில் 2001 டிசம்பரில் தேசிய அருங்காட்சியகங்களின் நுழைவுக் கட்டணத்தை எடுத்தார்கள். அதுவரை கட்டணம் வாங்கிய இடங்களில் பத்தாண்டுக்குள் வருகை இரண்டு மடங்கைத் தாண்டியது. வந்தவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் முன்பே வந்துகொண்டிருந்த படித்த, வசதியான வட்டம். அவர்களே அடிக்கடி வரத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது, அதன் முகம் பெரிதாக மாறவில்லை.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் சிறிய தமிழ் நாடகக் குழுக்கள் 30 வெள்ளிக்கு டிக்கெட் போட்டால், "எஸ்பிளனேடில் சும்மாவே பார்க்கலாமே" என்கிறார்கள். ஆறு மாதம் ஒத்திகை பார்த்தவனுக்கு இந்தப் பதிலா?

2025 செப்டம்பரிலிருந்து எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்ற அரசுத் திட்டம் வந்திருக்கிறது. 18 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் 100 வெள்ளி, கலை நிகழ்ச்சிகளுக்கு 2028 இறுதிவரை செலவழிக்கலாம். உதவியை இப்படிப் பார்வையாளர் கையில் கொடுங்கள். அவர் தேர்ந்தெடுக்கட்டும், குழுக்கள் டிக்கெட் விற்கட்டும். இலவச மேடைகளைப் பாதியாகக் குறைத்தாலும் தவறில்லை என்பேன்.

தேக்கா மலர்

வாசகன் அண்ணே, நீங்க சொன்ன அந்த 100 வெள்ளி குடிமக்களுக்கு மட்டும். நிரந்தரவாசிக்குக் கிடையாது, வேலை அனுமதிச் சீட்டில் வந்தவருக்கும் கிடையாது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் தம்பிகள் எல்லாம் அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். இந்த ஊரில் கட்டடம் கட்டுகிறவர்கள். அந்த மேடைகளைப் பாதியாக்கினால் முதலில் வெளியே நிற்பது இவர்கள்தான்.

கதவு இருக்கும் அரங்கம் வேற, கதவில்லாத இடம் வேற. கடலோரத் திறந்தவெளி அரங்கத்தில் யாரும் டிக்கெட் கேட்பதில்லை, என்ன உடை போட்டிருக்கிறாய் என்று பார்ப்பதில்லை. பிடிக்கலையா, ஐந்து நிமிஷத்தில் எழுந்து போகலாம். முதல் தடவை வருபவருக்கு அந்த எழுந்துபோகும் சுதந்திரம் ரொம்ப முக்கியம். 2,000 பேர் உட்காரும் உள்ளரங்கத்தில் நடு வரிசையில் மாட்டிக்கொண்டு முழிக்க அவர் ஏன் வரணும்?

எஸ்பிளனேடின் இந்தியக் கலை விழாவான கலா உத்சவ நாள்களில் தம்பிகளைக் கூட்டிப்போயிருக்கிறேன். ஒரு தம்பி நாதஸ்வரம் கேட்டதும் நகரவே மாட்டேன் என்று நின்றுவிட்டார். அவர் அப்பா தவில்காரர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். நீங்க சொல்லும் புள்ளிவிவரத்தில் இவர் எந்தக் கட்டத்திலும் வர மாட்டார்.

பிடோக் வாசகன்

தங்கச்சி, அந்தத் தம்பி நகராமல் நின்றதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவரை அங்கே கொண்டுவந்தது நீங்கள். நீங்களும் இல்லை, தகவலும் இல்லை என்றால் துவாஸ் தொழிலாளர் விடுதியிலிருந்து ரயிலேறி, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து அவர் தானாக வந்திருப்பாரா? அப்படியானால் பாராட்டு உங்களுக்கு. கட்டணம் இல்லாததற்கு அல்ல.

சலங்கை

இரண்டு பேருமே மேடைக்குக் கீழே நின்று பேசுகிறீர்கள். மேலே நிற்கிறவள் கொஞ்சம் சொல்கிறேனே.

நான் பரதம் சொல்லிக்கொடுப்பவள், ஆடுபவள். இலவச மேடைகளில் பல ஆண்டுகளாக ஆடுகிறேன். பார்வையாளருக்குத்தான் அது இலவசம். மேடை, ஒலி, ஒளி, ஆள், கலைஞருக்குச் சன்மானம் எல்லாவற்றுக்கும் யாரோ காசு கொடுக்கிறார்கள், கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்கும் மையங்களை நான் எதிர்க்க மாட்டேன். கொடுக்காத இடங்களும் உண்டு. ஓர் அமைப்பு எங்கள் எட்டுப் பேரை இரண்டு மாதம் ஒத்திகை பார்க்கவைத்துவிட்டு, "இலவச நிகழ்ச்சிதானே, நாலு பேருக்கு உங்களைத் தெரியவரும்" என்று சொல்லி அனுப்பியது. மேக்கப் செலவுகூட எங்கள் கையிலிருந்து போனது. கட்டணம் வாங்காத பெருந்தன்மை அவர்களுடையதாம், இழப்பு மட்டும் எங்களுடையதாம்.

இதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று. ஆட்கள் நடந்து போய்க்கொண்டே இருக்கும் திறந்த முற்றத்தில் அரை மணி நேரத்துக்கு என்ன ஆட முடியும்? பதம், அதாவது பாவத்தை மெதுவாக விரித்துக் காட்டும் பாடல், ஆட முடியாது. ஒரு வரியை ஏழு விதமாகக் கண்ணிலும் கையிலும் காட்டும் சஞ்சாரி அங்கே கரைந்துவிடும். அதனால் எல்லாரும் தில்லானா, கும்மி, வேகமான ஜதி என்று எடுத்துக்கொள்கிறோம். கைதட்டலும் கிடைக்கிறது. விளைவு என்ன? டிக்கெட் வாங்குகிறவருக்குப் பரதத்தின் உள்ளே இருப்பது கிடைக்கிறது, வாங்காதவருக்கு வேகமும் வண்ணமும் மட்டும். எண்ணிக்கையில் 70 விழுக்காடு என்கிறீர்கள். எந்த மாதிரிக் கலை எந்தப் பக்கம் விழுகிறது என்று யாராவது கணக்கு எடுக்கிறார்களா?

மயிலாப்பூர் கௌரி

சென்னையிலேர்ந்து எழுதறேன். சலங்கை சொன்னதைப் படிச்சதும் எங்க மார்கழிதான் மனசுல வந்தது.

இங்க பெரிய சபாக்கள்ல பகல் கச்சேரிகள் பல இலவசம். சாயங்காலக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகல்ல பாடறவா எல்லாம் இளம் பிள்ளைகள். சன்மானம் பேருக்குத்தான் இருக்கும், வயலின், மிருதங்கத்துக்குக் கைக்காசு போடற குடும்பங்களை நான் நிறையவே பார்த்திருக்கேன். அதாவது அந்த இலவசத்துக்குப் பணம் கட்டறது பாடற பொண்ணோட அப்பா.

சரி, இத்தனை வருஷமா வாசலைத் திறந்து வெச்சிருக்காளே, உள்ள வர ஜனம் மாறித்தா? இல்லை. ஓய்வு பெற்ற அதே மாமா மாமிகள்தான். திருவல்லிக்கேணி மீன் மார்க்கெட்லேர்ந்தோ வியாசர்பாடிலேர்ந்தோ ஒருத்தர் வந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரும் அவாளைத் தடுக்கலை, யாரும் கூப்பிடவும் இல்லை.

மாத்திப் பார்த்தது ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. 2015ல பெசன்ட் நகர் பக்கத்துல அந்த மீனவ ஊர்லயே மேடை போட்டா. பாடகர் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்யானந்த் ஜெயராமன் எல்லாரும் ஊர்க்காராளோட சேர்ந்து ஆரம்பிச்சது. கர்நாடக சங்கீதமும் இருந்தது, கூத்தும் இருந்தது, எல்லாருக்கும் ஒரே மேடை. காசு வாங்காதது அதுல புதுசே இல்லை. யார் யாரைத் தேடிப் போகணும்கிற வரிசை மாறினதுதான் புதுசு. சபா ரசிகர்கள் அந்தக் குப்பத்துத் தெருவுல நடந்து போய் மணல்ல உட்கார வேண்டியிருந்தது. அது சாதாரண விஷயமில்லை.

பிடோக் வாசகன்

கௌரி அம்மா சொன்னது என் வாதத்துக்கே சான்று. கட்டணம் தடை அல்ல, அல்லது ஒரே தடை அல்ல. பிறகு ஏன் எல்லா முயற்சியையும் அந்த ஒரு தடையை நீக்குவதிலேயே போடுகிறோம்?

தேக்கா மலர்

அண்ணே, பூட்டு இரண்டு இருந்தால் ஒன்றைத் திறந்து பயனில்லை என்பது சரி. அதற்காக முதல் பூட்டைத் திரும்பப் பூட்டச் சொல்கிறீர்களே!

ஜெர்சி சிவா

நியூயார்க் லிங்கன் சென்டர் கலை மையம் பற்றிச் சொல்லலாமா? இந்த விவாதத்துக்குப் பொருத்தமானது.

லிங்கன் சென்டர் நிற்கும் இடம் முன்பு சான் ஹுவான் ஹில் என்ற குடியிருப்பு. பெரும்பாலும் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்தார்கள். நகரச் சீரமைப்பு என்ற பெயரில் 7,000க்கு மேற்பட்ட குடும்பங்களை வெளியேற்றினார்கள். 1959இல் அதிபர் ஐசன்ஹோவர் வந்து முதல் மண்ணைத் தோண்டினார். கிழக்கே பிராட்வே பக்கம் பார்த்தால் நீரூற்றும் அகன்ற முற்றமும். மேற்கே ஆம்ஸ்டர்டாம் அவென்யூ பக்கம், அரசு அடுக்குமாடிகளில் ஏழைகள் வாழும் பக்கம், பல பத்தாண்டுகளாக நின்றது சுவர்.

1970களிலிருந்தே அங்கே கோடைகாலத் திறந்தவெளி நிகழ்ச்சிகள் இலவசம். அதனால் அந்தச் சுவர் போய்விடவில்லை. அண்மை ஆண்டுகளில்தான் போக்கு மாறியது. 2022இல் டேவிட் கெஃபன் அரங்கைப் புதுப்பித்துத் திறந்தபோது, சான் ஹுவான் ஹில் வரலாற்றைப் பற்றியே எட்டியன் சார்ல்ஸ் என்ற டிரினிடாட் இசைக் கலைஞரிடம் ஒரு படைப்பு கேட்டு, அதையே தொடக்க நிகழ்ச்சியாக வைத்தார்கள். முடிந்ததைக் கொடுத்து டிக்கெட் வாங்கலாம் என்ற முறையில். அதே ஆண்டு தொடங்கிய கோடை விழாவில் முற்றத்தை நடன மேடையாக்கினார்கள், பெரும்பாலானவை இலவசம்.

எதிர்ப்பும் வந்தது, அது நியாயமற்றதும் அல்ல. 1966இலிருந்து நடந்த மொசார்ட் கோடை விழா 2023 பருவத்தோடு அந்தப் பெயரில் முடிந்தது. செவ்வியல் இசை ரசிகர்கள் கொதித்தார்கள்: கூட்டம் சேர்க்க ஆழமானதைக் குறைக்கிறீர்கள் என்று. சலங்கையின் கவலைதான் இது, வேறு ஊரில்.

சென்ட்ரல் பார்க்கில் டெலகார்ட் அரங்கத்தையும் பாருங்கள். 1962 முதல் ஷேக்ஸ்பியர் நாடகங்களுக்குக் கட்டணமே இல்லை. ஆனால் விடியற்காலையில் வந்து வரிசையில் காத்திருக்க வேண்டும். மணிக்கணக்குக் கூலிக்கு வேலை பார்ப்பவருக்கு அந்தக் காத்திருப்பே கட்டணம். அதை உணர்ந்து, நகரின் ஐந்து வட்டாரங்களிலும் நேரில் போய் டிக்கெட் கொடுக்கும் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் சமூகப் பயன். 'இலவசம்' என்று பலகை மாட்டுவது ஒரு நாள் வேலை. டிக்கெட்டை பிராங்க்ஸ் வட்டாரம் வரை எடுத்துக்கொண்டு போவது ஆண்டுதோறும் செய்யும் வேலை.

பிடோக் வாசகன்

சிவா, அருமையான தகவல். அதையே இங்கே பொருத்திப் பாருங்கள். எஸ்பிளனேடில் ஆண்டுக்கு 3,000 நிகழ்ச்சிக்குப் பதில், அதில் ஆயிரத்தை பூன் லே, உட்லண்ட்ஸ் குடியிருப்புகளுக்கும் விடுதிகளுக்கும் கொண்டுபோகலாமே? அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்தில் ஆடினால் யாரும் ரயிலேற வேண்டாம்.

சலங்கை

கீழ்த்தளத்தில் ஆடியிருக்கிறேன் சார். சிமெண்ட் தரை. முழங்கால் போய்விடும். நாங்கள் மரத்தரையில் ஆடப் பழகியவர்கள். ஒலிபெருக்கி ஒன்று, அதுவும் இரைச்சல். ஏழைகளிடம் போகிறோம் என்றால் தரம் குறைந்ததையே கொண்டுபோக வேண்டுமா? நல்ல மரத்தரை, நல்ல ஒலி, 550 இருக்கையோடு 2022இல் ஒரு கடலோர அரங்கத்தையே திறந்திருக்கிறார்கள். அதற்குள் அவர்கள் வரட்டும். முற்றத்தில் நிற்கவைத்துவிட்டு எல்லாருக்கும் திறந்துவிட்டோம் என்று சொல்வது எனக்குப் போதவில்லை.

தேக்கா மலர்

சலங்கை அக்கா, இதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்.

காசு எங்கிருந்து என்று வாசகன் அண்ணன் கேட்பார். அரசு மானியம் இருக்கிறது. நன்கொடை கொடுப்பவருக்கு இரண்டரை மடங்கு வரிக்கழிவு இருக்கிறது. டோட் போர்டு என்ற அரசு வாரியத்தின் ஆதரவு இருக்கிறது, அது 4டி, டோட்டோ லாட்டரிகளிலிருந்தும் குதிரைப் பந்தயத்திலிருந்தும் வந்த பணம். சனிக்கிழமை சாயங்காலம் 4டி கடை வரிசையில் நிற்பவர்களைப் பாருங்கள். அதில் நம்ம தம்பிகளும் உண்டு. அவர்கள் பணமும் அந்த மேடையில் இருக்கிறது. தர்மம் கேட்கவில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த கலா உத்சவத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு, உள்ளரங்கில், கதவு மூடி, ஒரு மணி நேரம். எட்டு மணிக்கு வைத்தால் திங்கள் காலை லாரி ஏறுகிறவர் வர மாட்டார். நூறு இருக்கை விடுதிகளுக்கு என்று ஒதுக்கணும், பேருந்தும் அனுப்பணும். அக்கா பதம் ஆடணும், ஆடுவதற்கு முன்னால் வரியைத் தமிழில் சொல்லணும்.

சலங்கை

ஆடுகிறேன். தமிழ்ப் பதம்தான் எடுப்பேன். முழுச் சன்மானமும் கேட்பேன், எனக்கும் பாடுபவருக்கும் மிருதங்கத்துக்கும்.

பிடோக் வாசகன்

இந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இரண்டு வெள்ளி வாங்குங்கள். காசில்லாமல் பதிவு செய்தவர்கள் வராமல் போவதும், இருக்கைகள் காலியாகக் கிடப்பதும் நிகழ்ச்சி நடத்தும் எல்லாருக்கும் தெரியும். இரண்டு வெள்ளி கொடுத்தவர் வருவார். நம் சிறிய குழுக்களுக்கும் அது நல்லது, கலைக்கு விலை உண்டு என்பது நிலைக்கும். மற்றபடி அந்த 70 விழுக்காட்டு இலவசப் பங்கு குறைய வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

தேக்கா மலர்

இரண்டு வெள்ளி பெரிசில்லை அண்ணே, அதைக் கட்டும் வழிதான் பெரிசு. இணையத்தில் கணக்குத் திறக்கணும், ஆங்கிலப் படிவம் நிரப்பணும், கார்டு வேணும். பாதித் தம்பிகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். பேர் மட்டும் எழுதி வாங்குகிறேன், விடுதிக்கே போய். வராமல் போகிறவர்கள் எத்தனை பேர் என்று இங்கேயே எழுதுகிறேன், அப்புறம் இரண்டு வெள்ளியைப் பற்றிப் பேசலாம்.