பதில்: நெட்டில் செடிக்குத் தமிழில் என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம். நாம் தயாரிக்கும் முதியோர் கையேட்டில் நெட்டில் செடியை எந்தப் பெயரில் எழுதுவது என்ற கேள்விக்கும், வந்த யோசனைகளுக்கும் என் பதில் இது.

> 'செந்தட்டி' என்றே எழுதிவிடலாமே? தொட்டால் அரிக்கிறது, அவ்வளவுதானே!

அவ்வளவுதான் என்றால் இந்த மடலுக்கே வேலை இல்லை, ஐயா. செந்தட்டி, காஞ்சொறி என்று நம்மவர்கள் சொல்வது டிராஜியா இன்வலுக்ரேட்டா, ஆமணக்குக் குடும்பம். இங்கே சிங்கப்பூர் மருந்துக் கடைகளில் நெட்டில் என்று புட்டியில் விற்பது உர்ட்டிகா டையோய்கா, குடும்பமே வேறு. முதியோர் கையேட்டில் 'செந்தட்டி' என்று அச்சிட்டால், தேக்காவில் நாட்டுமருந்துக் கடைக்குப் போய் அந்தப் பெயரைச் சொல்லி வேறொரு பொடியை வாங்கி வந்துவிடுவார்கள்.

> 'சுணைப்பூண்டு' எப்படி?

சுணை, அதாவது உறுத்தும் நுண்மயிர், பூசணிக் கொடிக்கும் உண்டே. அந்த நல்ல சொல்லைச் செடிக்குக் கொடுக்காமல் அதன் மயிருக்கே வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மயிரும் உள்ளீடற்ற ஊசி. சிலிக்காவாலான நுனி தொட்டதும் ஒடிந்து, ஹிஸ்டமின் உள்ளிட்ட அரிப்பூட்டும் பொருள்களைத் தோலுக்குள் செலுத்திவிடும். ஆகவே 'கொட்டுசுணை'. வேகவைத்தால் கொட்டாது, ஐரோப்பாவில் இதைக் கீரையாகவே சமைக்கிறார்கள்.

செடிக்கு என் முன்மொழிவு 'சீமைக் காஞ்சொறி'. சீமைச்சாமந்தி, சீமை அகத்தி போன வழிதான். 'சீமை' பழைய வாடை அடிக்கிறது என்று இளையவர்கள் முகம் சுளிக்கலாம். 'வெளிநாட்டுக் காஞ்சொறி'யைவிட அது எவ்வளவோ மேல். இல்லாத உறவைப் பெயர் காட்டுகிறதே என்ற தாவரவியல் நண்பரின் கவலை நியாயமானது. பெயர் முதலில் வரும் இடத்தில் மட்டும் அறிவியல் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவோம்.

இதைவிட முக்கியம், வேரா இலையா என்பது. புட்டியின் முகப்பில் செடியின் பெயர்தான் பெரிதாக இருக்கும். எந்தப் பாகம் என்பது பின்பக்கத்துப் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். புரோஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் ஆண்கள் எடுத்துக்கொள்வது வேர். சிறு ஆய்வுகள் சிலவற்றில் தொந்தரவு ஓரளவு குறைந்ததாகத் தெரிகிறது. உறுதியான சான்று இல்லை. மூட்டுவலிக்கென்று விற்பது இலை; அதற்கு ஆதாரம் இன்னும் மெலிவு. இலையில் வைட்டமின் கே அதிகம் என்பதால் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்து சாப்பிடுவோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஆகவே 'சீமைக் காஞ்சொறி வேர்ச்சாரம்', 'இலைச்சாரம்' என்று தனித்தனியாகவே எழுத வேண்டும்.

கையேட்டு வரைவில் உள்ள 'மூட்டுவலியைப் போக்கும்' என்ற வரியை நீக்கிவிடுங்கள். இத்தகைய துணைச்சத்துப் பொருட்கள் நோயைக் குணப்படுத்தும் என்று விற்பவர்களே சொல்ல சுகாதார அறிவியல் ஆணையம் அனுமதிப்பதில்லை. நாம் ஏன் சொல்ல வேண்டும்?

ஒன்று பாக்கி. 'கொட்டுச்சுணை' என்று ஒருவர் திருத்தியிருந்தார். சுடுசோறு போல இதுவும் வினைத்தொகை, வல்லினம் மிகாது. மாற்றுக் கருத்து இருந்தால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.